ரீயூனியன்ல சின்ன சாப்பாட்டுக் கடைக்கு பாங்க் கடன்: அரசு கேரண்டி எப்படி வேலை செய்யுது, எந்த வரிசையில போகணும்

மாசத்துக்கு ரெண்டு பேராவது எனக்கு போன் பண்றாங்க. பாண்டிச்சேரி, காரைக்கால்ல இருந்து வந்தவங்க, மொரீஷியஸ்ல இருந்து மாறி வந்தவங்க, இலங்கைப் பிள்ளைங்களும் இப்ப கேக்கறாங்க. "அண்ணா, கடை போட அரசாங்கமே கேரண்டி குடுக்குதாமே, எந்த ஆபீஸ்ல போய் எழுதிக் குடுக்கணும்?" அப்படித்தான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. நான் ரீயூனியன்ல, அதாவது இந்தியப் பெருங்கடல்ல இருக்கற இந்தப் பிரெஞ்சுத் தீவுல, சேன் ஆந்த்ரே ஊர்ல 2016-ல கடை போட்டப்ப இதே கேள்வியைத்தான் கேட்டேன், யாரும் ஒழுங்கா பதில் சொல்லல, அதனால பட்டது கொஞ்சம் இல்ல. அதான் தெரிஞ்சதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

முதல் விஷயம், அப்படி ஒரு ஆபீஸே கிடையாது. கேரண்டிக்கு நீங்க எழுதிக் குடுக்க முடியாது, பாங்க்தான் கேக்கணும். நீங்க பாங்க்ல கடன் கேக்கறீங்க, பாங்க் உங்க துஸியேவை, அதாவது உங்க ஃபைலைப் பாத்துட்டு "குடுக்கலாம், ஆனா கொஞ்சம் பயமா இருக்கு"ன்னு நினைக்குது, அப்ப அது பேபெஈ ஃப்ரான்ஸ்கிட்டயோ ஃப்ரான்ஸ் ஆக்தீவ்கிட்டயோ போய் "இந்தக் கடன்ல பாதி ரிஸ்க்கை நீங்க எடுத்துக்கறீங்களா"ன்னு கேக்குது. பேபெஈ ஃப்ரான்ஸ்ங்கறது பிரெஞ்சு அரசோட முதலீட்டு பாங்க், ஃப்ரான்ஸ் ஆக்தீவ்ங்கறது சின்னத் தொழில்களுக்குக் கை குடுக்கற ஒரு சங்கம். சின்னத் தொகைன்னா பாங்க் அவங்ககிட்ட கேக்காமலே, முன்னாடியே குடுத்த அதிகாரத்துல, தானே கேரண்டி போட்டுக்கலாம். அதனால நீங்க கண்ணால பாக்கப் போறது உங்க பாங்க் கவுன்சிலரை மட்டும்தான். அவர் இந்தக் கேரண்டியை நினைச்சுப் பாக்கணும், அவருக்கு மறந்துபோனா நீங்க ஞாபகப்படுத்தணும்.

கேரண்டி யாருக்கு?

இதை ரெண்டு தடவை படிங்க. கேரண்டி பாங்குக்கு, உங்களுக்கு இல்ல.

ஒரு கணக்கு சொல்றேன். 35,000 யூரோ கடன் வாங்கினீங்க, பேபெஈ ஃப்ரான்ஸ் 60 சதவீதம் கேரண்டி போட்டிருக்கு. புதுசா ஆரம்பிக்கற கடைக்கு பொதுவா 60 வரை போவாங்க, பிராந்திய அரசும் சேந்து நின்னா 70 வரை. ரெண்டு வருஷம் கழிச்சு கடை மூடிப் போச்சு, இன்னும் 25,000 பாக்கி. அடுப்பு, ஃப்ரிட்ஜ், மேசை நாற்காலி எல்லாம் வித்து 5,000 வந்துச்சு. மிச்சம் 20,000. நம்ம ஆளுங்க நினைக்கறது என்னன்னா, இதுல 12,000 அரசாங்கம் கட்டிடும், 8,000 பாங்க் பாத்துக்கும், நாம வீட்டுக்குப் போயிடலாம்னு. அப்படி இல்ல! பாங்க் முதல்ல உங்ககிட்டதான் வரும், நீங்க ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தா அந்தக் கையெழுத்தை வச்சு வசூல் பண்ணும், எல்லா வழியிலயும் முயற்சி பண்ணிப் பாத்துட்டு கடைசியா நிக்கற நஷ்டத்தைத்தான் பாங்கும் பேபெஈயும் பங்கு போட்டுக்குவாங்க. உங்க கடன் அதால தள்ளுபடி ஆகாது.

அப்ப இந்தக் கேரண்டியால நமக்கு என்னதான் லாபம்னு கேப்பீங்க. ரெண்டு இருக்கு. ஒண்ணு, இது இல்லன்னா சாப்பாட்டுக் கடைன்னு சொன்னாலே கதவை மூடற பாங்க், இது இருந்தா உக்காந்து பேசும். ரெண்டு, கேரண்டிக்குன்னு சில விதி இருக்கு, அது உங்களையும் காப்பாத்தும். பேபெஈயோட புதுக்கடை கேரண்டி போட்ட கடனுக்கு நீங்க குடியிருக்கற வீட்டை அடமானமா எழுதி வாங்க முடியாது. ஃப்ரான்ஸ் ஆக்தீவ் போடற கேரண்டில உங்க சொந்த ஜாமீனை கடன்ல பாதிக்கு மேல கேக்கக் கூடாது. பொம்பளைங்க நடத்தற கடைக்குன்னு அவங்ககிட்டயே தனியா ஒரு கேரண்டி இருக்கு, "எகாலிதே ஃபாம்"னு பேரு. அது கடன்ல 80 சதவீதம் வரை, அதிகபட்சம் 50,000 யூரோ வரை நிக்கும், சொந்த ஜாமீனே கேக்கக் கூடாதுங்கறது அதோட விதி. எத்தனையோ வீட்டுல சமையலும் கல்லாவும் அக்காவே பாத்துக்கறாங்க, பேப்பர்ல மட்டும் வீட்டுக்காரர் பேரு. உண்மையிலயே அவங்கதான் நடத்தறாங்கன்னா பேப்பர்லயும் அவங்க பேரே இருக்கட்டும், இந்தக் கேரண்டியைக் கேளுங்க. பேருக்கு மட்டும் பொண்டாட்டி பேரைப் போட்டு ஏமாத்தலாம்னு போகாதீங்க, இன்டர்வியூல ரெண்டே கேள்வியில தெரிஞ்சிடும்.

இதுக்கெல்லாம் கொஞ்சம் கமிஷன் உண்டு, கடைசியில அதை நீங்கதான் கட்டுவீங்க. கடன் பேப்பர்ல அந்த வரியைத் தேடிப் பாத்து மொத்தச் செலவுல சேத்துக்குங்க.

அதுக்கு முன்னாடி உங்க பேப்பர்

பிரெஞ்சு நாஷனாலிட்டி இருக்கற பாண்டிச்சேரிக்காரங்களுக்கு இதுல பிரச்னை இல்ல. மத்தவங்களுக்கு, கையில இருக்கற ரெசிடென்ஸ் கார்டு சொந்தத் தொழில் பண்ண அனுமதிக்குதான்னு முதல்ல பாக்கணும். 10 வருஷ கார்டு, குடும்ப வாழ்க்கை கார்டு, அகதியா ஏத்துக்கிட்டவங்க கார்டு, இதெல்லாம் சரி. அகதி மனு போட்டு முடிவுக்குக் காத்திருக்கறவங்க சொந்தக் கம்பெனி தொடங்க முடியாது. இதைச் சொல்றப்ப எனக்கே மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா வேற ஆள் பேருல கடை எழுதி உள்ள நீங்க வேலை செய்யற மாதிரி ஏற்பாடு எதுக்கும் போயிடாதீங்க, காசும் போகும் கேஸும் கெட்டுப் போகும்.

கடையைக் கணக்குல போட்டுப் பாக்கறது

பாங்குக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்கே ஒரு கணக்கு வேணும். ப்ரெவிசியோனெல்னு சொல்வாங்க, மூணு வருஷ வரவு செலவு உத்தேசம். கணக்கர்கிட்ட குடுத்தா அழகா அடிச்சுக் குடுத்துடுவார், ஆனா அதுல இருக்கற ஒவ்வொரு நம்பரும் உங்க தலையில இருக்கணும், ஏன்னா பாங்க்ல கேள்வி வர்றது உங்ககிட்டதான்.

நான் எல்லாருக்கும் போட்டுக் காட்டற கணக்கு இது, உதாரணம்தான், உங்க நம்பரை நீங்க போட்டுக்குங்க. மொத்தத் திட்டம் 60,000 யூரோ. கையில 15,000, வட்டியில்லாக் கடன் 10,000, பாங்க் கடன் 35,000. பாங்க் கடன் 7 வருஷம், வட்டி 4 சதவீதம்னு வச்சா மாசம் ஏறக்குறைய 480. வட்டியில்லாக் கடனை 4 வருஷத்துல கட்டினா மாசம் 210. ஆக 690. வாடகை 1,200, கரண்டு கேஸ் தண்ணி 500, இன்சூரன்ஸும் கணக்கரும் 350, உங்களுக்குச் சம்பளமும் அதுக்கான சமூகக் கட்டணமும் சேத்து 2,000, பாதி நேர ஆள் ஒருத்தருக்கு 1,300. கூட்டினா 6,040. இது கடையில ஒருத்தரும் சாப்பிடலன்னாலும் மாசாமாசம் போற காசு.

இப்ப ஒரு பார்க்கெத், அதான் இங்க மதியம் எல்லாரும் வாங்கிட்டுப் போற சாப்பாட்டு டப்பா, 10 யூரோன்னு வைங்க. சாப்பாட்டுக்கு இங்க தேவாஆங்கற விற்பனை வரி 2.1 சதவீதம்தான், ஒயின் பீர் மாதிரி சாராயத்துக்கு 8.5. பிரான்ஸ்ல இருக்கற தம்பி யாராவது 10 சதவீதம் போடுங்கன்னு சொன்னா கேக்காதீங்க, அது அந்த ஊர் கணக்கு. வரி போக 9.79. அரிசி, கோழி, எண்ணெய், டப்பா, வீணாப் போறது எல்லாம் போக கையில 6 யூரோ நிக்குதுன்னு வச்சா, 6,040-ஐ 6-ஆல வகுத்தா மாசம் ஆயிரத்துச் சொச்சம் சாப்பாடு. மாசம் 25 நாள் திறந்தா ஒரு நாளைக்கு 40. இந்த 40-ங்கற நம்பர்தான் உங்க கடையோட ஜாதகம். பாங்க் ஆள் "ஒரு நாளைக்கு எத்தனை சாப்பாடு வித்தா நஷ்டமில்ல"ன்னு கேக்கறப்ப பேப்பரைப் புரட்டாம 40-ன்னு சொல்றவங்களுக்கு அந்த நிமிஷமே மதிப்பு ஏறிடும்.

அந்த 40 பேர் எங்கருந்து வருவாங்கன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு நீங்க போய் நிக்கணும். கடை பாத்து வச்சிருக்கற தெருவுல செவ்வாய்க்கிழமை ஒரு நாள், வெள்ளிக்கிழமை ஒரு நாள், 11-ல இருந்து 2 வரை நின்னு பக்கத்துக் கடைகள்ல எத்தனை பேர் பார்க்கெத் வாங்கறாங்கன்னு எண்ணுங்க. ஸ்கூல் லீவுல எண்ணாதீங்க, தப்பாப் போயிடும். இட்லி தோசை மட்டும் போட்டா மதியம் ஓடுமான்னும் யோசிங்க. இங்க பிறந்த நம்ம தமிழ் ஆளுங்களுக்குக் கூட மதியம் இந்தத் தீவுச் சமையலான கேரி (குழம்பு), ருகாய் (தக்காளித் தொக்கு மாதிரி), பருப்பு, ப்ரேத் கீரை இருந்தாதான் சாப்பாடு. நான் முதல் ஆறு மாசம் சாம்பார்லயே பிடிவாதமா நின்னேன். அப்புறம் ஒரு நாள் ருகாய் சொசீஸ் போட ஆரம்பிச்சேன், சாம்பாரும் சேந்து ஓட ஆரம்பிச்சுது.

சாமான் விலைக்கு தெவி வாங்குங்க, அதாவது எழுத்துல விலைப்பட்டியல். பிரான்ஸ்ல இணையத்துல பாத்த விலையைப் போட்டுடாதீங்க. கப்பல் கூலி, ஒக்த்ருவா த மேர்ங்கற இறக்குமதி வரி, 8.5 தேவாஆ எல்லாம் ஏறும். கோயம்புத்தூர் கிரைண்டர் கொண்டு வரணும்னு ஆசை இருக்கும், எனக்கும் இருந்துச்சு. கரண்டு ஒரே மாதிரிதான், 50 ஹெர்ட்ஸ், ஓடும். ஆனா ஐரோப்பிய பாதுகாப்பு முத்திரை இல்லாத மெஷினை வேலை ஆள் தொடற கடையில வச்சா, விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கை விரிச்சிடும். முத்திரை இருக்கற மாடலா கேட்டு வாங்குங்க.

கைக்காசு, சீட்டுக் காசு, ஊர்க் காசு

கைக்காசை இங்க அப்போர்னு சொல்வாங்க. சாப்பாட்டுக் கடைன்னா திட்டத்துல கால்வாசியாவது, முடிஞ்சா 30 சதவீதம் உங்க காசு இருக்கணும்னு பாங்க் எதிர்பாக்கும். இங்கதான் நம்ம ஆளுங்க நிறையப் பேர் மாட்டறாங்க.

சீட்டு எடுத்த காசை ரொக்கமா கொண்டு போய் கணக்குல போட்டுட்டு அடுத்த வாரம் கடன் கேட்டா பாங்க் பயப்படும். காசு எங்கருந்து வந்துச்சுன்னு கேக்கறது அவங்க சட்டக் கடமை, நம்மளைச் சந்தேகப்படறாங்கன்னு கோவிச்சுக்க வேண்டாம். அப்போரா காட்டற காசு குறைஞ்சது ஆறு மாசமாவது உங்க கணக்குல கொஞ்சம் கொஞ்சமா சேந்ததா தெரியணும். மச்சான்கிட்டயோ அக்காகிட்டயோ வாங்கினா பாங்க் வழியா அனுப்பச் சொல்லுங்க, ஒரு பேப்பர்ல கடன்னா கடன்னு, அன்பளிப்புன்னா அன்பளிப்புன்னு எழுதுங்க. 5,000 யூரோவுக்கு மேல சொந்தக்காரங்ககிட்ட கடன்னா 2062-ங்கற ஃபாரத்தை வரி ஆபீஸுக்குக் குடுக்கணும், அது பாங்குக்கும் நல்ல ஆதாரம். நகை வித்தா ரசீது. ஊர்ல நிலம் வித்தா பத்திரமும் பாங்க் வழியா வந்த பணமும். கையில நோட்டாக் கொண்டு வந்தா 10,000 யூரோவோ அதுக்கு மேலயோ இருந்தா எல்லையில சொல்லியே ஆகணும், சொல்லாம பிடிபட்டா அந்தக் காசைக் கடன் ஃபைல்ல காட்டவே முடியாது.

வேலை போய் ஃப்ரான்ஸ் த்ரவாய்ல, அதான் அரசு வேலைவாய்ப்பு ஆபீஸ்ல, பதிவு பண்ணி உதவித்தொகை வாங்கிட்டிருக்கீங்களா? அப்ப ஆர்ஸ்ங்கற வழியைக் கேளுங்க. உங்களுக்கு இன்னும் வர வேண்டிய தொகையில 60 சதவீதத்தை முதலாக் குடுப்பாங்க, பாதி தொடக்கத்துல, பாதி ஆறு மாசம் கழிச்சு. அதுக்கு முன்னாடி ஆக்ர்ங்கற சமூகக் கட்டணச் சலுகை கிடைச்சிருக்கணும். மாசாமாசம் உதவித்தொகை வாங்கிட்டே கடை நடத்தவும் வழி இருக்கு. எது நல்லதுன்னு குடும்பத்தோட உக்காந்து கணக்குப் பாருங்க, முதல் வருஷம் சோத்துக்கு வழி வேணும்ல.

அப்புறம் ப்ரே தொனர், அதான் மேல சொன்ன வட்டியில்லாக் கடன். இனிசியாதீவ் ஃப்ரான்ஸ் மாதிரி சங்கங்க ஒரு குழு முன்னாடி உங்களை உக்கார வச்சுப் பேசிட்டு குடுப்பாங்க. வட்டி இல்ல, ஜாமீன் இல்ல, கடை பேருல இல்லாம உங்க பேருல குடுக்கறது. இதோட அருமை என்னன்னா பாங்க் இதை ஏறக்குறைய உங்க கைக்காசு மாதிரியே பாக்கும். அதோட ஒரு குழு ஏற்கனவே உங்க திட்டத்தைத் தோண்டிக் கேட்டு சரின்னு சொல்லியிருக்குங்கறதே பாங்குக்குப் பெரிய தைரியம். என்னைக் கேட்டா பாங்குக்குப் போறதுக்கு முன்னாடியே இந்தக் கதவைத் தட்டுங்க. அங்க கேக்கற கேள்விதான் பாங்க்லயும் வரும், தப்பு விட்டாலும் அங்க திருத்திக்கலாம்.

கடையே இல்ல, ஒரு வண்டி போதும், மார்க்கெட்ல சமோசாவும் பொன்பொன் பிமானும் (இந்த ஊர் காரவடை) போடப் போறேன், எட்டாயிரம் பத்தாயிரம் இருந்தாப் போதும்னா பாங்க் பக்கமே போக வேண்டாம். அதீன்னு ஒரு அமைப்பு இருக்கு, 1989-ல ஆரம்பிச்சது, பாங்க் கடன் குடுக்காதவங்களுக்குன்னே சின்னக் கடன் குடுக்கறாங்க. கடன்ல பாதிக்கு நிக்க உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும். அந்த ஆளுக்கு விஷயத்தை முழுசா சொல்லிட்டு கையெழுத்து கேளுங்க.

இடமும் வாடகை ஒப்பந்தமும்

வியாபார வாடகை ஒப்பந்தம் 9 வருஷம், மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நீங்க வெளிய வரலாம், அதான் 3-6-9ன்னு சொல்றது. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஒப்பந்தத்துல சாப்பாட்டுக் கடை நடத்தலாம்னு எழுதியிருக்கா, சமையல் புகை மேல போக குழாய் இருக்கா. புகைக்குழாய் இல்லாத இடத்தை மலிவா இருக்குன்னு எடுத்துட்டு, அடுக்குமாடியில மத்த வீட்டுக்காரங்க குழாய் போட விடாம, வெறும் சாண்ட்விச் கடையா முடிஞ்ச கதை எனக்கே ரெண்டு தெரியும்.

முழு ஒப்பந்தம் போட்டுட்டு கடனுக்கு அலையாதீங்க. "பாங்க் கடன் கிடைச்சா மட்டும்"னு ஒரு நிபந்தனையோட முன்-ஒப்பந்தம் போடுங்க. கடன் கிடைக்கலன்னா வாடகை பொறுப்பு இல்லாம வெளிய வந்துடலாம். சாமானும் அப்படித்தான். பாங்க் சரின்னு எழுத்துல சொல்றதுக்கு முன்னாடி அடுப்பு வாங்கி வச்சிட்டா, "வாங்கினதுக்கு எதுக்குக் கடன்"னு பாங்க் கேக்கும், அந்தத் தொகைக்குக் கேரண்டியும் வராது.

ஏற்கனவே ஓடற கடையை வாங்கறீங்கன்னா எதை வாங்கறீங்கன்னு தெளிவா இருங்க. கடையோட வியாபாரத்தை மட்டும் வாங்கறது ஒண்ணு, கம்பெனியையே வாங்கறது வேற. வியாபாரத்தை மட்டும் வாங்கினா பழைய கடன் வித்தவரோட போயிடும். கம்பெனியை வாங்கினா அதோட கடனும் உங்க தலையில. முக்கியமா பேஜேஈ பாக்கி இருக்கான்னு கேளுங்க. அதுதான் கொரோனா நேரத்துல, 2020 மார்ச்ல இருந்து 2022 ஜூன் வரை, அரசாங்கம் நேரா கேரண்டி நின்னு குடுத்த கடன். சின்னக் கம்பெனிக்கு 90 சதவீதம் கேரண்டி, வருஷ வியாபாரத்துல கால்வாசி வரை குடுத்தாங்க, ஆறு வருஷம் வரை இழுத்துக் கட்டலாம். அந்தத் திட்டம் முடிஞ்சு போச்சு, இப்ப யாரும் புதுசா வாங்க முடியாது, ஆனா வாங்கினவங்க பாக்கி இன்னும் சில கடைக் கணக்குல இருக்கலாம். வியாபாரத்தை மட்டும் வாங்கறப்பவும் அடகு எதுவும் பதிஞ்சிருக்கான்னு கோர்ட் பதிவேட்டுல பாக்கச் சொல்லுங்க. வடக்குக்கு சேன் தெனி, தெற்குக்கு சேன் பியேர், ரெண்டு இடத்துலயும் வியாபாரக் கோர்ட் இருக்கு.

பாங்க்ல

துஸியேல வைக்க வேண்டியது: உங்க அடையாள அட்டை, கார்டு, ரெண்டு வருஷ வரி நோட்டீஸ், கடைசி மூணு மாச சொந்தக் கணக்கு ஸ்டேட்மென்ட் (ஆறு மாசமா இருந்தா இன்னும் நல்லது), சமையல் அனுபவத்துக்கு ஆதாரம், இடத்தோட முன்-ஒப்பந்தம், தெவி எல்லாம், மூணு வருஷக் கணக்கு, அப்போர் எங்கருந்து வந்துச்சுங்கற ஆதாரம், ப்ரே தொனர் கடிதம். ஸ்டேட்மென்ட்ல கணக்கு மைனஸ்ல போயிருந்தாலோ திரும்பி வந்த செக் இருந்தாலோ, மூணு மாசம் பொறுத்து கணக்கைச் சுத்தமாக்கிட்டுப் போங்க. இந்த ஒரு விஷயத்துக்காகவே நல்ல ஃபைல் திரும்பி வந்ததைப் பாத்திருக்கேன்.

ஒரே நேரத்துல ரெண்டு மூணு பாங்குக்குப் போங்க, அதுல தப்பே இல்ல. பிரெஞ்சு தடுமாறினா கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகலாம், ஆனா நம்பரை எல்லாம் நீங்களே சொல்லுங்க. அங்க மறக்காம கேக்க வேண்டியது நாலு. இந்தக் கடனுக்கு பேபெஈயோ ஃப்ரான்ஸ் ஆக்தீவோ கேரண்டி கேக்கப் போறீங்களா, எத்தனை சதவீதம்? என் சொந்த ஜாமீன் எவ்வளவு, எத்தனை வருஷம்? முதல் தவணையை மூணுல இருந்து ஆறு மாசம் தள்ளிப் போட முடியுமா? முன்னாடியே கட்டி முடிச்சா அபராதம் எவ்வளவு? தவணையைத் தள்ளிப் போடறதை திஃபேரேன்னு சொல்வாங்க, கண்டிப்பா கேளுங்க, கேக்காதவங்களுக்கு யாரும் தானா குடுக்க மாட்டாங்க. கடனுக்கு உயிர், உடல்நிலை இன்சூரன்ஸும் போடச் சொல்வாங்க, அதை வேற கம்பெனில மலிவா எடுக்க முடியுமான்னும் பாருங்க.

கொசியோன், அதான் சொந்த ஜாமீன்: அந்த ஒரு கையெழுத்து

நான் இதை எழுத உக்காந்ததே இதுக்காகத்தான்.

2016-ல என் கடன் பாஸாச்சுன்னு கூப்பிட்டாங்க. சந்தோஷத்துல ஓடினேன். ஒரு கட்டு பேப்பர், ஒவ்வொரு பக்கத்துலயும் சின்னக் கையெழுத்து, கடைசியில ஒரு பத்தியை என் கையால எழுதச் சொன்னாங்க. பாத்து எழுத ஒரு மாதிரிப் பத்தியை முன்னால வச்சிருந்தாங்க, அதைப் பாத்து எழுத்துப் பிசகாம காப்பியடிச்சேன். பத்து வயசுல காரைக்கால் ஸ்கூல்ல பிரெஞ்சு டிக்டேஷன் எழுதின மாதிரி. என்ன எழுதறேன்னு அர்த்தம் புரியல, கேக்கவும் வெக்கமா இருந்துச்சு. அரசாங்கம்தான் கேரண்டி நிக்குதே, இது சும்மா ஒரு சம்பிரதாயம்னு நானே முடிவு பண்ணிட்டேன். பக்கத்துல என் மனைவியும் ஒரு கையெழுத்து போட்டாங்க.

மூணு வருஷம் கழிச்சு எங்க தெருவுல குழாய் வேலைன்னு ரோட்டைத் தோண்டினாங்க, நாலு மாசம் வண்டி வரல, வியாபாரம் பாதியாச்சு, ரெண்டு தவணை விட்டுப் போச்சு. கடிதம் கடைக்கு வரல, வீட்டுக்கு வந்துச்சு. கம்பெனிக்கு இல்ல, எனக்கு, என் பேருக்கு. கடன் தொகையை விட அதிகமான ஒரு நம்பருக்கு நான் சொந்தமா பொறுப்புன்னு என் கையெழுத்துலயே எழுதியிருக்கேன்னு அதுல இருந்துச்சு. வட்டி, அபராதம் எல்லாத்தையும் சேத்து கடனுக்கு 130 சதவீதம்னு நான் எழுதிக் குடுத்திருந்தேன். அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் தூங்கல.

உடனே போய்ப் பேசினதால தவணையைப் பிரிச்சுக் குடுத்தாங்க, கட்டி முடிச்சேன். ஆனா அந்தக் கையெழுத்தோட அர்த்தம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா பேரம் பேசியிருப்பேன், பேச முடியும்ங்கறதே எனக்குத் தெரியாது.

அதனால சொல்றேன். கொசியோன்னா கம்பெனி கட்டலன்னா நான் கட்டறேன்னு நீங்க குடுக்கற வாக்கு. கம்பெனி போட்டா சொந்தச் சொத்து தனி, தனி ஆளா தொழில் பண்ணாலும் 2015 சட்டத்துக்கு அப்புறம் குடியிருக்கற வீட்டைத் தொழிலுக்குக் கடன் குடுத்தவங்க தொட முடியாது, அதெல்லாம் உண்மைதான், ஆனா கொசியோன் போட்டதும் அந்தச் சுவரை நீங்களே இடிச்ச மாதிரி. 2022-ல இருந்து விதி கொஞ்சம் மாறியிருக்கு, நான் எழுதின மாதிரி அந்தப் பழைய பத்தியை வரிக்கு வரி காப்பியடிக்க வேண்டியதில்ல, ஆனா எவ்வளவு தொகைக்குப் பொறுப்புன்னு எழுத்துலயும் எண்ணுலயும் நீங்களே எழுதணும். அந்த எண்ணை எழுதறப்ப கையை நிறுத்துங்க. கேரண்டி போட்ட கடன்தானே, ஜாமீனை 50 சதவீதத்துல நிறுத்துங்கன்னு கேளுங்க. கடன் முடியற வரை இல்லாம முதல் சில வருஷத்துக்கு மட்டும் போடலாமான்னு கேளுங்க. உங்க வருமானத்துக்கும் சொத்துக்கும் மிஞ்சின தொகையா இருந்தா சட்டம் அதைக் குறைக்கும். புருஷன் பொண்டாட்டில ஒருத்தர் மட்டும் போட்டு மத்தவர் சம்மதக் கையெழுத்து போடலன்னா ரெண்டு பேருக்கும் பொதுவான சொத்தை பாங்க் தொட முடியாதுங்கறது பொதுவான விதி, அதனால வீட்டுல ரெண்டாவது ஆள் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு நொத்தேர்கிட்டயோ (பத்திரம் எழுதற சட்ட அதிகாரி) வக்கீல்கிட்டயோ அரை மணி நேரம் உக்காருங்க. பேப்பரை ஒரு நாள் முன்னாடி மெயில்ல அனுப்பச் சொல்லிக் கேளுங்க, அனுப்புவாங்க.

மாட்டேன்னு சொன்னா

பாங்க் கடன் குடுத்தே ஆகணும்னு சட்டம் இல்ல. ஆனா கடன் மத்தியஸ்தர்னு ஒருத்தர் இருக்கார். பிரான்ஸ்ல பாங்க் த ஃப்ரான்ஸ்ங்கற மத்திய பாங்க் பாக்கற வேலையை இந்தத் தீவுல ஈயேதோம் பாக்குது, மத்தியஸ்தமும் அவங்கதான். இலவசம், ரகசியம், இணையத்துல மனு போடலாம். பாங்க் மறுத்ததை எழுத்துல வாங்கி வச்சுக்குங்க. தொழில் கணக்கே திறக்க மாட்டேங்கறாங்கன்னா, கணக்கு வச்சுக்கற உரிமைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கும் ஈயேதோம்தான். ஆனா மனு போடறதுக்கு முன்னாடி ஏன் மறுத்தாங்கன்னு கவுன்சிலர்கிட்ட அமைதியாக் கேளுங்க. பாதி நேரம் பதில் "அப்போர் பத்தல"ங்கறதுதான், அது சரி பண்ணக்கூடியது.

கடன் வந்தப்புறம்

பதிவு எல்லாம் 2023-ல இருந்து ஒரே இணையதளத்துல, இன்பீங்கற அரசு அமைப்பு நடத்தற ஒற்றை ஜன்னல்ல. முதலை பாங்க்ல போட்டு சான்று வாங்கி, அதோட பதிவு பண்ணா கபிஸ் வரும், அதான் கம்பெனியோட பிறப்புச் சான்று. பாங்க் காசை மொத்தமா உங்க கையில தராது, பில் காட்டக் காட்ட சாமான் வித்தவருக்கு நேரா அனுப்பும்.

கடையில ஒருத்தராவது 14 மணி நேர உணவுச் சுகாதாரப் பயிற்சி முடிச்சிருக்கணும். தாஆஃப்ங்கற வேளாண்-உணவு ஆபீஸுக்கு அறிவிப்பு குடுக்கணும். ஒயின் பீர் ஊத்தறதா இருந்தா பெர்மி தெக்ஸ்ப்ளுவாதாசியோன்ங்கற அனுமதிக்கான பயிற்சி, திறக்கறதுக்கு 15 நாள் முன்னாடி மேரில, அதான் நகராட்சி ஆபீஸ்ல, அறிவிப்பு. பயிற்சிக்கு இடம் கிடைக்க நாளாகும், கடன் மனு போடறப்பவே பேரைக் குடுத்துடுங்க, இல்லன்னா கடை ரெடியா நிக்கும், தவணை ஓடும், கதவு திறக்க முடியாது.

இன்னொண்ணு, கடன் தொகையை அடுப்புலயும் டைல்ஸ்லயும் கடைசி யூரோ வரை போட்டுடாதீங்க. மூணு மாச நிலையான செலவு கணக்குல கிடக்கணும், மேல போட்ட கணக்குப்படின்னா 18,000. முழுசா முடியலன்னா பாதியாவது. 2024 ஜனவரில பெலால் புயல் வந்துச்சு, 2025 பிப்ரவரி 28-ல கரான்ஸ் புயல் வந்துச்சு. கரண்டு இல்லாம, தண்ணி இல்லாம, ஃப்ரீசர்ல இருந்த மீனும் கோழியும் தூக்கிப் போட்டோம். இன்சூரன்ஸ்ல "கரண்டு போய்க் கெட்டுப்போன சரக்கு"ங்கற வரி இருக்கான்னு கையெழுத்துக்கு முன்னாடி பாருங்க, என் பழைய பாலிசில இல்ல.

ஒரு தவணை கஷ்டம்னு தெரிஞ்ச அன்னிக்கே, தவணை தேதிக்கு முன்னாடியே, கவுன்சிலருக்கு மெயில் போடுங்க. ஒரு தவணை விடறதுக்கு முன்னாடி வந்த ஆளுக்கு வழி நிறைய இருக்கு, மூணு விட்டப்புறம் வந்தா ஃபைல் வேற டிபார்ட்மெண்டுக்குப் போயிருக்கும், அங்க இருக்கறவங்களுக்கு உங்க முகம் தெரியாது. அதுக்கும் மேல சிக்கல்னா வியாபாரக் கோர்ட் தலைவரை ரகசியமாப் பாக்கலாம், கடன் குடுத்தவங்களோட உக்கார வச்சுப் பேச ஒரு ஆளை நியமிப்பார். கோர்ட்னதும் நம்ம ஆளுங்க பயந்து ஒதுங்கறாங்க. சம்பளம், வாடகை, தவணைன்னு எதுவுமே கட்ட முடியாத நிலைக்கு வந்துட்டா 45 நாளுக்குள்ள அங்க போய்ச் சொல்றது கட்டாயம், அதுக்கு முன்னாடியே போனா மிச்சம் இருக்கற வழியெல்லாம் திறந்தே இருக்கும்.